ஜன்னல் ரப்பர்

பெட்டியை இறக்கும்போது கால்மாட்டுப் பக்கத்து வார் சிக்கிக்கொண்டது. தலைமாடு மட்டும் தாழ்ந்து, பெட்டி குழிக்குள் சரிந்து நின்றது. உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்து பலகையில் இடித்தது. போக்னாவுக்கு அது கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டதா என்று சுற்றிலும் பார்த்தாள். பாதர் ஜெபப் புத்தகத்தில் விரலை வைத்தபடி நிறுத்தியிருந்தார். கறுப்பு உடுப்பு போட்ட நாலு ஆட்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பிடிங்கய்யா! என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு?” என்று கத்தினான் வால்டெக். கத்திக்கொண்டே மண்மேட்டில் ஏறி, முழங்காலிட்டு, வாரைப் பிடித்து இழுத்தான். நாற்பத்தாறு வயது, நூறு கிலோ உடம்பு. முகம் ரத்தமாய்ச் சிவந்தது. வார் விடுபட்டது. பெட்டி ஒரு குலுக்கலுடன் சமமாகிக் கீழே போய் உட்கார்ந்தது.

அவன் எழுந்து வந்து தங்கை பக்கத்தில் நின்றான். கால்சட்டையின் இரண்டு முழங்காலிலும் மண். மூச்சு வாங்கியது.

“செத்ததுதான் அப்படிச் செத்தாரு. அனுப்புறதாவது ஒழுங்கா அனுப்பக் கூடாதா?”

போக்னா குனிந்தாள். உறைந்த மண்ணில் ஒரு கட்டியை எடுத்துப் போட்டாள். அது பலகையில் விழுந்த சத்தம் கல் விழுந்தது மாதிரி இருந்தது.

இறந்தவர் அவர்களுடைய அப்பா ஜிக்முண்ட். எழுபத்திரண்டு வயது. ராதோம் நகரத்துக் காலணித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் அடித்தோல் வெட்டியவர். தொழிற்சாலை மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்து, அதையும் விட்டு, மனைவி இறந்த பின் ஆறு வருஷமாக மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். நெஞ்சு வலி கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒன்பது நாளைக்கு முன்னால், அந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி விழுந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், குளியல் தொட்டியில் வெந்நீர் பிடித்து அதில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தது போக்னாதான். காலையிலிருந்து அப்பா போன் எடுக்காததால் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். உள்ளே வந்ததும் முதலில் தோன்றியது, வீடு எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது என்பதுதான். அந்த நினைப்பு அவளுக்கு ஒரு நொடி சந்தோஷத்தைக்கூடக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் குளியலறையில் விளக்கு எரிவதைப் பார்த்தாள். அப்பாவின் முகம் வெளுத்திருக்கவில்லை. வெயிலில் நடந்து வந்தவர் மாதிரி கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. தண்ணீர்தான் சில்லிட்டுப் போயிருந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து ஒரு சின்னக் கருவியை உள்ளே நீட்டினார்கள். அது கூவியது. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, அவர்களுடைய அதிகாரி போக்னாவை மாடிப்படியில் உட்கார வைத்து, குனிந்து பேசினார். இளம் வயது. குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டார்.

“கேஸ் கீசர் எரியணும்னா காத்து வேணும்மா. இத்தனை வருஷம் ஜன்னல் இடுக்கு வழியா வந்துக்கிட்டிருந்திருக்கு. இப்ப ஜன்னல் எல்லாம் இறுக்கமா மூடியிருக்கு. குளியலறையில காத்துப் போற ஜாலியையும் அட்டை வெச்சு அடைச்சிருக்காரு. வெளிய போக வேண்டிய புகை திரும்பி உள்ள வந்துடுச்சு. அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஜன்னல் ரப்பர் எல்லாம் புதுசா இருக்கே. எப்ப மாத்தினது?”

“பதினோரு நாள் ஆச்சு.”

“யாரு மாத்தினது?”

போக்னா வாயைத் திறந்தாள். “அப்பா யாரோ ஆளை வெச்சு மாத்தினாரு” என்றாள்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.

*

ரப்பரை மாற்றியது போக்னாதான்.

அந்த ஜன்னல்கள் போட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது. இரட்டைக் கண்ணாடி, வெள்ளை பிளாஸ்டிக் சட்டம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டத்தைச் சுற்றி ஓடுகிற கறுப்பு ரப்பர்தான் காய்ந்து, பழைய குதிகால் மாதிரி வெடித்துக் கிடந்தது. கை வைத்தால் பொடியாக உதிர்ந்தது. கதவைச் சாத்தினாலும் திரைச்சீலை ஆடும்.

“ராத்திரி பூரா காத்து வந்து என் காதுல பாவசங்கீர்த்தனம் பண்ணுது, போக்னா” என்பார் அப்பா. “நானும் கேட்டுக் கேட்டு மன்னிச்சுக்கிட்டே இருக்கேன். போக மாட்டேங்குது.”

வால்டெக் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில், “இந்த வருஷம் வந்து ஜன்னலையே மொத்தமா மாத்திடுறேம்ப்பா” என்பான். அப்பாவும் ஒவ்வொரு முறையும், “ஆகட்டும்ப்பா, நீ வா” என்பார். அவன் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

போக்னா கார் இருக்கை உறை தைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். ஓரமும் மூலையும் அவளுக்குக் கை வந்த விஷயம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போய், அதே அளவில் ஒரு சுருள் வாங்கி வந்தாள். காய்ந்த ரப்பரைப் பள்ளத்திலிருந்து உருவினாள். சோப்புத் தண்ணீர் தொட்டு இருபது வருஷ அழுக்கைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தாள். புது ரப்பரை மேல் நடுவில் தொடங்கி, இழுக்காமல், கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சுற்றிலும் பதித்தாள். மூலையில் சாய்த்து வெட்டி ஒட்டினாள். நாலு ஜன்னலுக்கும் சேர்த்து அரை நாள் ஆயிற்று. அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, “அந்தப் பக்கம் தூக்கிக்கிட்டிருக்கு”, “இந்த மூலையை இன்னும் அமுக்கு” என்று ஓயாமல் வேலை சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் தீக்குச்சியைக் கிழித்து ஜன்னல் ஓரமாகப் பிடித்தார். சுடர் அசையவில்லை.

“நிமிந்து நிக்குது பாரு, பட்டாளத்துக்காரன் மாதிரி” என்று சிரித்தார். விரல் சுடும் வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, கொஞ்சம் வேறு பக்கம் பார்த்தபடி, “சுருள்ல மிச்சம் இருக்குல்ல? மேல் வீட்டு அம்மாவுக்கும் ரெண்டு ஜன்னலுக்குப் போட்டுக் குடேன். அதுக்கும் தோள்பட்டை வலி” என்றார்.

*

கல்லறையிலிருந்து பதினைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். கேஸ் இணைப்பை வெட்டி, மீட்டரில் முத்திரை வைத்திருந்தார்கள். அதனால் கோழிச்சாறும் கட்லெட்டும் தெருமுனை உணவகத்திலிருந்து பெரிய பாத்திரங்களில் வந்திருந்தன. மின்சார அடுப்பு ஒன்றை வைத்து போக்னா சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, படுக்கை விரிப்பையே மேசை விரிப்பாக விரித்திருந்தார்கள். கோட்டுகள் அப்பாவின் கட்டிலில் மலையாகக் குவிந்து கிடந்தன. கொஞ்ச நேரத்தில் மூச்சுக் காற்றும் சூப் ஆவியும் சேர்ந்து ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்துவிட்டது. நீர் கோடு கோடாக இறங்கி விளிம்பில் தேங்கியது. யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. திறக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும். முதலில் எழுந்து போய்த் திறப்பது யார் என்றுதான் இருந்தது.

மேல் வீட்டு ரெகினாம்மா வால்டெக்குக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. காலருகே பயணப் பை. தன் தங்கைக்கு இடுப்பு எலும்பு உடைந்து, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளப் போனவள், இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கல்லறைக்கு வந்திருந்தாள். குளிக்கும்போது செத்தார் என்று மட்டும்தான் போனில் கேட்டிருந்தாள். அழவில்லை. கரண்டியால் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

வோட்கா இரண்டு சுற்று போயிருந்தது. வால்டெக் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். பிடியைத் திருகிக் கதவைச் சற்றே இழுத்து, சட்டத்தைச் சுற்றி ஓடிய ரப்பரில் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழ் வரைக்கும் மெல்லத் தடவினான்.

“எவ்வளவு சுத்தமா வேலை பண்ணியிருக்கான் பாருங்க” என்றான் எல்லோருக்குமாக. “மூலையில நகம் நுழைய எடம் இல்ல. தொழில் தெரிஞ்சவன். ஏன், தொழில் தெரிஞ்சவனுக்கு இது தெரிய வேண்டாம்? உள்ள கேஸ் கீசர் ஓடுது, ஒரு கிழவன் தனியா இருக்கான், ஜாலி அடைச்சிருக்கான்னு ஒரு நிமிஷம் எட்டிப் பாக்க வேண்டாம்?”

“விடுப்பா, சாப்பிடு” என்றார் யாரோ.

“விட மாட்டேன். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போறேன். எழுதிக் குடுக்கப் போறேன். அந்த ஆளு யாருன்னு இந்த பில்டிங்ல ஒருத்தருக்காவது தெரியாமலா இருக்கும்? போக்னா, அப்பா பேரு எதுவும் சொல்லலையா? நல்லா யோசிச்சுப் பாரு.”

“இல்லண்ணா.”

“ரப்பர் வாங்கின ரசீதாவது இருக்குமே?”

“தேடிப் பாக்குறேன்.”

ரெகினாம்மா தலையைத் தூக்கினாள். வால்டெக்கைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். பேச்சில் ரப்பர் என்பது மட்டும்தான் விழுந்திருக்கவேண்டும்.

“ஆமாப்பா, என்ன அருமையான வேலை” என்றாள். “நான் ஊருக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி எப்படித் தூங்கினேன் தெரியுமா? அன்னிக்குச் சனிக்கிழமை நம்ம…”

“ரெகினாம்மா, சூப் ஆறிப்போச்சு” என்று போக்னா குறுக்கே கையை நீட்டி, தட்டை எடுத்துவிட்டாள். “குடுங்க, வேற ஊத்தித் தரேன். நூடுல்ஸ் போடட்டுமா? கால்ல ஏன் இன்னும் பூட்ஸ்? கழட்டுங்க, கழட்டுங்க. ஈரமா இருக்கு பாருங்க.”

அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ரெகினாம்மா பூட்ஸைப் பார்க்கக் குனிந்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். வால்டெக் இன்னொரு சுற்று ஊற்றினான்.

சமையலறையில் போக்னா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நூடுல்ஸ் தட்டின் விளிம்பில் தொங்கியது. திங்கட்கிழமை. இன்று வியாழன். இன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மேலே போய், ரெகினாம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம். அண்ணன்கிட்டச் சொல்லிடாதீங்க என்று. அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. இந்த எட்டு நாளும் அவள் யோசித்ததெல்லாம் அது ஒன்றைத்தான். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது.

சூப்பைக் கொண்டு வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு கேக் வெட்டினாள். காபி கலந்தாள். சிலர் கிளம்பினார்கள். கட்டிலில் கோட்டு தேடி, கை குலுக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்து, “தைரியமா இரும்மா” என்றார்கள். நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. போக்னா தட்டுகளை அள்ளிக்கொண்டு போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தாள். வெந்நீர் கிடையாது. பச்சைத் தண்ணீரில் கொழுப்பு உறைந்து தட்டில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. விரல் மரத்துப்போனது. குழாயை மூடினாள்.

மூடிய பிறகும் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

சுவருக்குள் மேலிருந்து கீழாக வருகிற குழாயில், உஸ்ஸென்று ஒரே சீராக. அப்பா வீட்டில் இருந்த நாளெல்லாம் கேட்டுப் பழகிய சத்தம். அவள் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள்.

“அண்ணா, ரெகினாம்மா எங்க?”

“மேல போய்ட்டாங்க” என்றான் வால்டெக் கூடத்திலிருந்து. “கல்லறையில நின்னு எலும்பு வரைக்கும் குளிர் ஏறிடுச்சாம். வெந்நீர்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்னாங்க. ரொம்ப நேரம் ஆச்சே.”

தட்டு கையிலிருந்து நழுவியதை அவள் கவனிக்கவில்லை.

ஓடினாள். வால்டெக் “என்னடி ஆச்சு? போக்னா!” என்று எழுந்தான். கதவருகே ஆணியில் மாட்டியிருந்த சாவிக் கொத்தைப் பிடுங்கினாள். அப்பாவிடம் மேல் வீட்டுச் சாவியும், மேல் வீட்டில் அப்பா வீட்டுச் சாவியும் இருந்தது ரொம்ப வருஷத்து ஏற்பாடு. படிகளில் ஏறும்போது காலில் வீட்டுச் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. மேல் வீட்டுக் கதவில் தீயணைப்புக்காரர்கள் அன்றைக்கு ஒட்டிய சீட்டைக் காணவில்லை. அது கிழிபட்டு, மிதியடியின் மேல், பீட்சா விளம்பரங்களோடு கசங்கிக் கிடந்தது. கீசரைச் சோதிக்கும் வரை பற்றவைக்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“ரெகினாம்மா! ரெகினாம்மா!”

பதில் இல்லை. சாவி துளைக்குள் போகவில்லை. இரண்டாவது சாவி போயிற்று.

வீடு கதகதப்பாக இருந்தது.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். ஆவியில் ஒன்றும் தெரியவில்லை. குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கீசரின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் சுடர் மஞ்சளாக ஆடியது. மேலே ஜாலியில் சதுரமாக வெட்டிய காலணிப் பெட்டி அட்டை. நாலு பக்கமும் பழுப்பு டேப். அப்பாவின் வேலை, கோணல் இல்லாமல். தொட்டியின் விளிம்பில் குளியல் அங்கியோடு ரெகினாம்மா உட்கார்ந்திருந்தாள். தலை சுவரில் சாய்ந்திருந்தது.

போக்னா குழாயை மூடினாள். ரெகினாம்மாவின் அக்குளுக்குள் கையை விட்டுத் தூக்கினாள். கனத்தாள். பாதி இழுத்து, பாதி சுமந்து சமையலறைக்குக் கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்தாள். வெளிக்குளிர் அறைந்தது.

“என்னடி… என்ன பண்ற?” என்றாள் ரெகினாம்மா. நாக்கு குழறியது. “தலை கிர்ருங்குது. சாவு வீட்டுச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது.”

“பேசாதீங்க. வெளிய பாத்து மூச்சு விடுங்க. நல்லா இழுத்து விடுங்க.”

போனை எடுத்துத் தீயணைப்பு எண்ணைப் போட்டாள். முகவரியைச் சொன்னாள். “அதே கட்டடமா?” என்றது மறுமுனைக் குரல். “அதே கட்டடம்தான். மேல் மாடி. மயக்கமா இருக்காங்க, நினைவு இருக்கு” என்றாள். ஆம்புலன்ஸும் வரும், கீசரைத் தொடாதீர்கள் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவளால் சும்மா நிற்க முடியவில்லை. கூடத்துக்குப் போனாள். அந்த ஜன்னலையும் திறந்தாள். திறந்தால் மட்டும் போதும் என்று தோன்றவில்லை. மேல் நடுவில், தானே ஒட்டிய இணைப்பில் நகத்தைக் கொடுத்து நெம்பி, ரப்பரின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது பள்ளத்திலிருந்து சடசடவென்று கழன்று வந்தது. கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு இன்னும் இழுத்தாள். ஒரு மூலையில் சிக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் சட்டத்தில் காலை உதைத்து இழுத்தாள். வந்துவிட்டது. மற்ற ஜன்னலுக்குப் போனாள்.

சமையலறை நாற்காலியிலிருந்து ரெகினாம்மாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தெளியத் தெளியக் கோபம் வந்தது.

“ஏன்டி, பைத்தியமா உனக்கு? நல்லாத்தானே இருந்துச்சு? நீயே வந்து மெனக்கெட்டுப் போட்டுட்டு நீயே வந்து பிடுங்குறே? இங்கயும் கீழயும் ஒரே நாள்ல போட்டியே, முழங்கை வரைக்கும் கறுப்பாக்கிக்கிட்டு. உங்கப்பா என்ன பெருமையாச் சொன்னாரு தெரியுமா? என் மக கை பட்டா காத்துகூட அனுமதி கேட்டுத்தான் உள்ள வரும்னு…”

போக்னா திரும்பினாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. வால்டெக் நிலைப்படியில் நின்றிருந்தான். ஒரு கையில் அவளுடைய வீட்டுச் செருப்பு.

ரெகினாம்மாவும் அவனைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். அப்போதுதான், குளிர்காற்றில் தலை தெளிந்து, கீழே சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சு என்ன என்பது அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“நான்தான் போட்டேன்ணா” என்றாள் போக்னா. “ரெண்டு வீட்டுக்கும் நான்தான்.”

வால்டெக் அவளைப் பார்த்தான். அவள் கையில் சுற்றியிருந்த ரப்பரைப் பார்த்தான். திறந்த ஜன்னல்களைப் பார்த்தான். பிறகு குனிந்து, செருப்பைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக, நேராக வைத்தான். வெளியே போய்க் கதவைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டான். அது முழுசாகச் சாத்திக்கொள்ளவில்லை.

போக்னா கட்டிலிலிருந்து போர்வையை எடுத்துவந்து ரெகினாம்மாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். அவள் தலையில் இன்னும் அந்தக் கம்பளித் தொப்பிதான் இருந்தது. குளிக்கப் போகும்போதும் கழற்ற மறந்திருக்கிறாள். இருவரும் திறந்த ஜன்னலுக்கு எதிரே, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூச்சு வெள்ளையாக வந்தது.

“உனக்குத் தெரியுமா முன்னாடியே?” என்று ரெகினாம்மா கேட்டாள். “இப்படி ஆகும்னு?”

“அப்பா செத்த மறுநாளே தீயணைப்புக்காரங்க சொல்லிட்டாங்க. உங்க வீட்டு ஜன்னல் எனக்கு ஞாபகமே வரல. சத்தியமா வரல. என்னைப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். மேசையில நீங்க சொல்ல வந்தப்பகூட…”

‘உன்மேல தப்பில்ல’ என்று ரெகினாம்மா சொல்வாள் என்று போக்னா எதிர்பார்த்தாளோ என்னவோ, அவள் அதைச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி வேறு எதையோ சொன்னாள்.

“அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் பண்ணாரு, தங்கச்சி வீட்டுக்கு. வெளிய பனி, நான் உள்ள பனியனோட உக்காந்திருக்கேன், ராஜா மாதிரின்னாரு. நீ எப்ப வர்றேன்னாரு. தெரியலன்னேன். சரி, குளிச்சிட்டு அப்புறமா மறுபடி பண்றேன்னு வெச்சுட்டாரு.” போர்வையின் ஓரத்தை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான் போனை மடியிலயே வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன்.”

கீழே தெருவில் எங்கோ தூரத்தில் சைரன் கேட்டது. இன்னும் நெருங்கவில்லை.

போக்னா எழுந்து நடைவழிக்குப் போனாள். சாத்தாமல் விட்ட கதவின் இடுக்கு வழியாக மாடிப்படி விளக்கின் வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாகத் தரையில் விழுந்திருந்தது. அந்த விளக்கு பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிஷம் எரியும், பிறகு தானே அணைந்துவிடும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. காது கொடுத்துக் கேட்டாள். வால்டெக் படியிறங்கும் சத்தம் இல்லை. இருட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

வெளியே பொத்தான் டக்கென்றது. கோடு மறுபடி தரையில் விழுந்தது.